பஞ்சர் கடைக்காரன் சரிசெய்த ஏசி

என் மகளுக்கு வியர்க்காது. இதைக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் சிரிப்பார்கள், கொடுத்துவைத்தவள் என்பார்கள். அவள் கைக்குழந்தையாக இருந்தபோது நானும் அப்படித்தான் நினைத்தேன். அப்போது நாங்கள் ஒடுகத்தூரில் இருந்தோம். சித்திரை மாதத்தில் தகரக் கூரைக்குக் கீழே நானும் மனைவியும் நனைந்துபோய்ப் படுத்திருக்க, அவள் மட்டும் கொடியில் காய்ந்த துணி மாதிரி உலர்ந்து கிடப்பாள். அப்புறம் உடம்பு கொதிக்கும். மருந்துக்கு இறங்காது. தண்ணீர்த் தொட்டியில் உட்காரவைத்தால்தான் இறங்கும்.

அவளுடைய மூன்றாவது வயதில் வேலூரில் ஒரு டாக்டர் விஷயத்தைச் சொன்னார். பிறவியிலேயே வியர்வைச் சுரப்பிகள் சரியாக அமையவில்லை. பல் சிலதுதான் முளைக்கும், முடி அடர்த்தியாக வளராது, அதனால் ஒன்றும் இல்லை. ஆனால் உடம்பில் ஏறிய சூட்டை இறக்க அவளுக்கு வழி கிடையாது, வெயிலில் மாட்டிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. முடிந்தால் குளிர்ச்சியான ஊரில் வைத்து வளருங்கள் என்றார். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போக எங்களுக்கு யாரைத் தெரியும்? தலைக்கு மேலேயே ஜவ்வாது மலை இருந்தது. பாத்திர பண்டம், காற்றடிக்கும் கம்ப்ரஸர், ஒரு மூட்டை பழைய டியூப் எல்லாவற்றையும் டெம்போவில் ஏற்றிக்கொண்டு ஜமுனாமரத்தூருக்குக் குடியேறினோம். ஞாயிற்றுக்கிழமை அருவி பார்க்க வருகிறவர்கள், இங்கேயேவா இருக்கிறீர்கள், அதிர்ஷ்டக்காரர் என்பார்கள். அவர்கள் டயருக்குக் காற்று அடித்துக்கொண்டே ஆமாம் என்பேன்.

பஞ்சர் கடை என்பது பெயருக்குத்தான். பம்புசெட், மிக்ஸி, கிரைண்டர், சாமை குத்தும் மெஷின், எது வந்தாலும் பிரித்துவிடுவேன். பிரித்ததை மறுபடி மாட்டியும் விடுவேன், அதுதான் முக்கியம். ஒரு பொருளைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போவது என்றாலே எனக்கு உடம்பு எரியும். காசுக்காக அல்ல. நாம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்க, அவன் உள்ளே நம் பொருளைப் பிரித்துப் பார்த்துவிட்டு வந்து, நமக்குப் புரியாத நாலு வார்த்தையைச் சொல்வான். நாம் தலையை ஆட்ட வேண்டும். அந்தத் தலையாட்டலைத்தான் என்னால் பொறுக்க முடியாது.

கார் வாங்கியது அவளுக்காகத்தான். யாரோ ஓட்டித் தள்ளிய பழைய கார், ஆனால் வாங்கியபோது ஏசி பல் கிட்டுகிற மாதிரிக் குளிர்ந்தது. வருஷத்துக்கு இரண்டு முறை அவளை ஆஸ்பத்திரிக்குக் கீழே கொண்டுபோக வேண்டும், அதற்கு என்று வாங்கினேன். அந்த ஆஸ்பத்திரி நாட்களோ ஐப்பசியிலும் தையிலும் வந்தன. கண்ணாடியை இறக்கினாலே போதுமாயிருந்தது. மலையில் ஏசிக்கு வேலையே இல்லை. போதாததற்கு, அவசரத்துக்கு நான் ஏற்றிக்கொண்டு போகும் மலைக்காரர்கள் ஒருவருக்கும் ஏசி ஆகாது. ஊசி வளைவுகளில் கண்ணாடியை மூடி ஏசி போட்டால் முதல் வளைவிலேயே முந்தானையை வாயில் பொத்திக்கொள்வார்கள். "கொமட்டுதுண்ணா, கண்ணாடிய எறக்குங்க" என்பார்கள். இறக்கிவிடுவேன். இப்படியே இரண்டு வருஷம் அந்த சுவிட்சை நான் தொடவே இல்லை.

அவள் பன்னிரண்டாம் வகுப்பில் எக்கச்சக்கமாக மார்க் வாங்கினாள். கணக்குப் படிக்க வேண்டும், வேலூர்ப் பக்கத்து அரசுக் கல்லூரியில்தான் படிக்க வேண்டும் என்றாள். கல்லூரிக்கு இரண்டு தெரு தள்ளி என் தங்கை வீடு இருக்கிறது, அங்கே ஓர் அறையில் ஏசியும் இருக்கிறது. எந்த நேரத்தில் கிளம்புவது, துணியை எத்தனை முறை நனைத்துக்கொள்வது, வகுப்பில் எந்த ஃபேனுக்குக் கீழே உட்காருவது என்று எல்லாவற்றையும் யோசித்து ஒரு நோட்டில் எழுதியே வைத்திருந்தாள். என் மனைவி அங்கன்வாடியில் வேலை பார்க்கிறாள், ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் உடம்பைத் தொட்டுப் பார்க்கிறவள். அவள் அந்த நோட்டைத் தொடவில்லை. தபாலில் படி என்றாள். இரண்டு வாரம் வீட்டில் சோறு இறங்கவில்லை. கடைசியில் மனைவி கொஞ்சம் இறங்கி வந்தாள்.

"கலந்தாய்வுக்கு ஒருவாட்டி கீழ போய்ட்டு நல்லபடியா வரட்டும். அப்புறம் பாக்கலாம். ஒண்ணு ஆச்சுன்னா வெச்சுக்கோ, இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது."

"சரிம்மா" என்றாள் மகள். அவள் அதைச் சொன்ன வேகத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது.

முதல் நாள் விடியற்காலைப் பஸ்ஸிலேயே போய்த் தங்கை வீட்டில் தங்கிக்கொள்ளலாம் என்று மனைவி சொன்னாள். நான் விடவில்லை. கார் எதற்கு இருக்கிறது, ஏசி எதற்கு இருக்கிறது என்று கேட்டேன். கேட்டுவிட்டுப் போய் ஏசியைப் போட்டுப் பார்த்தால், வாணலிக்குப் பக்கத்தில் முகத்தைக் காட்டினது மாதிரி சூடான காற்று.

ஒடுகத்தூரில் எனக்குத் தெரிந்த எலக்ட்ரீஷியன் போனிலேயே சொல்லிவிட்டான். கேஸ் இறங்கியிருக்கும், எங்கேயோ லீக், வேலூரில் ஏசி கடையில் ஒரு நாள் விட வேண்டியிருக்கும் என்றான். லீக் என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். லீக் கண்டுபிடிப்பதில் என்னை மிஞ்சி இந்த மலையில் யார் இருக்கிறார்கள்? செல்போனில் வீடியோக்களைப் பார்த்தேன். அளவு பார்க்கும் மீட்டரும் கேஸ் டப்பாக்களும் தபாலில் வரவழைத்தேன்.

பஞ்சர் பார்க்கிற மாதிரிதான் பார்த்தேன். ஏசி குழாய்க்குள் என் கம்ப்ரஸரால் காற்றை அடித்து, இணைப்புகளில் எல்லாம் சோப்பு நுரையைத் தடவினேன். முன்பக்கத்து இணைப்பு ஒன்றில் நுரை குமிழ் விட்டது. கழற்றினால், உள்ளே இருந்த ரப்பர் வளையம் காய்ந்து பொடிந்திருந்தது. பம்புசெட்டுக்கு வைத்திருந்த வளையங்களில் அதே அளவு ஒன்று இருந்தது. மாட்டினேன், குமிழ் நின்றது. என்னைவிடப் பெரிய மெக்கானிக் இல்லை என்று நினைத்தேன்.

கேஸ் ஏற்றுவதற்கு முன்னால் ஒரு பம்பை வைத்து உள்ளே இருக்கும் காற்றை அரை மணி நேரம் முழுக்க உறிஞ்சி எடுக்க வேண்டும் என்று எல்லா வீடியோவிலும் சொன்னார்கள். அந்தப் பம்பு என்னிடம் இல்லை. உள்ளே இருப்பது என்ன விஷமா, காற்றுதானே? கொஞ்சம் கேஸை விட்டு அந்தக் காற்றை வெளியே தள்ளினேன். உறிஞ்சுவதெல்லாம் கடைக்காரன் நம்மைப் பெஞ்சில் உட்காரவைக்கக் கண்டுபிடித்த வேலை என்று முடிவுசெய்துகொண்டேன்.

ஏசி குளிர்ந்தது. அன்று சாயங்காலம் தெருவே வந்து கையை நீட்டிப் பார்த்தது. பக்கத்து வீட்டு அம்மா, புளி உலுக்கிவிட்டு வந்தவள், கதவுக்குள் தலையை விட்டுவிட்டு உடனே வெளியே இழுத்துக்கொண்டாள். "இன்னாத்துக்குங்க இந்தக் காத்து? கதவத் தொறந்தா இதவிட நல்ல காத்து சும்மா வருது" என்றாள். எல்லாரும் சிரித்தோம். மகள் முன் சீட்டில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். பத்து நிமிஷம் ஓடவிட்டு, ஏரி வரைக்கும் ஒரு சுற்றுப் போய்வந்து அணைத்துவிட்டேன். போதும் என்று தோன்றியது.

கலந்தாய்வு வைகாசியில், காலை பத்தரைக்கு. மனைவி அன்று அங்கன்வாடியை விட்டு வர முடியவில்லை. ஈரத் துண்டு, இரண்டு பாட்டில் தண்ணீர், சான்றிதழ் கவர் எல்லாவற்றையும் மடியில் வைத்துக்கொண்டு மகள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மலை இறங்கும்வரை கண்ணாடியைத் திறந்தே வந்தோம். அடிவாரத்தில் அமிர்தி தாண்டியதும் வெயில் முகத்தில் அடித்தது. கண்ணாடியை ஏற்றி ஏசியைப் போட்டேன். காற்று வரும் நாலு வாயையும் அவள் பக்கமாகவே திருப்பிவைத்தேன். எனக்கு எதற்கு? எனக்குத்தான் வியர்க்குமே.

"குளிருதாம்மா?"

"சூப்பரா குளிருதுப்பா."

அப்போது அது உண்மை. கால் மணி நேரம் போல உண்மையாக இருந்தது.

அப்புறம் ஒரு கிராமத்தில் கெங்கையம்மன் திருவிழா. பம்பையும் மேளமுமாக ஊர்வலம் தார் ரோட்டை அடைத்துக்கொண்டு வந்தது. முன்னால் ஒரு லாரி, பின்னால் ஒரு பஸ், இரண்டு பக்கமும் கழிவுநீர்க் கால்வாய். திருப்ப வழியில்லை. வண்டியை ஓடவிட்டபடி நின்றோம். எனக்குச் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. குளிர் எல்லாம் அவள் பக்கம் போகிறது, எனக்கு வியர்ப்பது நியாயம்தான் என்று நினைத்தேன். என் பக்கத்துக் காற்று வாயில் கையை வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. நானே செய்த வேலை, அதை எதற்குச் சோதிப்பது?

"குளிருதா?"

"நல்லாதாம்பா இருக்குது."

அவள் துப்பட்டாவைத் தலையோடு சுற்றிக்கொண்டிருந்தாள். ஒரு பாட்டில் தண்ணீர் காலியாகியிருந்தது, குடித்திருப்பாள் என்று நினைத்தேன். தலையில் ஊற்றிக்கொண்டாள் என்று அப்புறம்தான் தெரிந்தது. வேறு யாராக இருந்தாலும் நெற்றியில் ஒரு துளி வியர்வையாவது காட்டிக்கொடுத்திருக்கும். அவள் உலர்ந்த முகத்தோடு நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எவ்வளவு நேரமாகும் என்று பார்த்துவர நான் இறங்கி லாரிக்கு முன்னால் நடந்தேன். யாரோ ஒருவரிடம், பெண்ணுக்குக் காலேஜ் சீட்டு விஷயம், கொஞ்சம் ஓரம் விட்டால் போய்விடுவேன் என்று கெஞ்சினேன். ஆத்தா நகர்ந்தால்தானே ரோடு நகரும் என்றார் அவர். கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தேன்.

கதவைத் திறந்ததும் அடுப்பைத் திறந்தது மாதிரி இருந்தது. அவள் கண் திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. கூப்பிட்டேன். "நல்லாதாம்பா இருக்குது" என்றாள். கழுத்தைத் தொட்டேன். பஞ்சர் ஒட்டும் சூட்டுத் தட்டைத் தொட்டுப் பழகிய கை, அதுவே சட்டென்று பின்னால் வந்தது. அவள் பக்கத்துக் கதவைத் திறந்து அவளைத் தூக்கி வெளியே எடுத்தேன். காலை ஊன்றினாள், நிற்க முடியவில்லை, உடம்பு முழுக்கத் தூக்கித் தூக்கிப் போட்டது, கண் மேலே செருகியது.

"ஆத்தா வந்துட்டா!" என்று ஒரு பெண் அலறினாள்.

அடுத்த நிமிஷம் ஊர்வலம் எங்களை நோக்கித் திரும்பியது. வேப்பிலையும் குடமுமாகப் பெண்கள் ஓடிவந்தார்கள். என் கையிலிருந்து அவளை வாங்கி, புளியமரத்து நிழலில் தரையில் உட்காரவைத்தார்கள். குடம் குடமாக மஞ்சள் தண்ணீரைத் தலையில் ஊற்றினார்கள். நாலு பேர் சுற்றி நின்று ஈர வேப்பிலைக் கொத்தால் விசிறினார்கள். கைப் பம்பில் இரண்டு பேர் நின்று அடித்தார்கள், குடங்கள் நிற்காமல் வந்தன. அம்மனைக் குளிரவைக்க வேண்டும், அவர்களுக்குத் தெரிந்தது அதுதான். என் மகளுக்கு வேண்டியிருந்ததும் அதேதான்.

இது அம்மன் இல்லை, என் பெண், சூட்டுக்கு விழுந்துவிட்டாள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் சாமர்த்தியமாகப் பேசாமல் இருந்தீர்கள் என்று பிற்பாடு சிலர் என்னைப் பாராட்டினார்கள். சாமர்த்தியமும் இல்லை, மண்ணும் இல்லை. எனக்கு வாய் வரவில்லை. கை கால் வரவில்லை. கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு, யாருடைய பெண்ணுக்கோ நடப்பதைப் பார்க்கிறவன் மாதிரி நின்றேன். ஒரு அம்மா அவள் முன்னால் விழுந்து, பையனுக்கு இந்த வருஷம் கல்யாணம் ஆகுமா தாயே என்று கேட்டாள். மகள் அரை மயக்கத்தில், "நல்லாதான் இருக்குது, நல்லாதான் இருக்குது" என்றாள். அந்த அம்மா அழுதுகொண்டே கும்பிட்டாள்.

ஆம்புலன்ஸை யார் கூப்பிட்டார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்டது, இவ்வளவு தண்ணீரை ஊற்றியது யார் என்றுதான். ஊர்க்காரர்கள் என்றேன். அவர்கள்தான் காப்பாற்றியிருக்கிறார்கள் என்றார். தலைமுடி முழுக்க மஞ்சள் ஏறி, நெற்றியில் ஒரு வேப்பிலை ஒட்டிக்கொண்டு அவள் படுத்திருந்தாள். இரண்டாம் நாள் எழுந்து உட்கார்ந்து மோர் கேட்டாள். மனைவி முதல் நாளே பஸ் பிடித்து வந்துவிட்டாள். மகளைத் தலையிலிருந்து கால்வரை தொட்டுப் பார்த்தாள், அப்புறம் என் பக்கம் திரும்பினாள்.

"ஏசி ஓடுச்சா?"

"ஓடுச்சு. கொஞ்ச நேரம்."

அதற்கப்புறம் அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால் நானும் திருப்பிக் கத்தியிருப்பேன், எங்கள் வீட்டில் அது பழக்கம்தான். அவள் திட்டவில்லை.

மலைக்குத் திரும்பிய பிறகு நான் பாட்டுக்கு வேலை செய்தேன். டயரைக் கழற்றினேன், ஒட்டினேன், மாட்டினேன். யாராவது ஏதாவது சொன்னால் சிரித்தேன். ஒரு நாள் சூட்டுத் தட்டில் விரல் பட்டுத் தோல் உரிந்திருந்தது. சாப்பிட உட்கார்ந்து குழம்பு பட்டபோதுதான் தெரிந்தது. வருத்தம் என்று சொல்ல முடியாது. வருத்தப்பட்டால் பரவாயில்லையே என்று இருந்தது. உள்ளே எல்லாம் மரத்துப்போய், என் வீட்டிலேயே நான் வாடகைக்கு இருப்பவன் மாதிரி நடமாடினேன்.

கலந்தாய்வு போனது போனதுதான். மகள் கல்லூரி என்ற பேச்சை எடுக்கவில்லை. ஒன்று ஆனால் பேசக் கூடாது என்று அம்மா சொன்னாள், ஒன்று ஆகிவிட்டது, அவள் வாக்கைக் காப்பாற்றினாள். அந்த நோட்டை அலமாரிக்கு மேலே எறிந்துவிட்டு, வீட்டுக்குள் பூனை மாதிரி நடந்துகொண்டிருந்தாள். சூடாக இருக்கிறது என்று சொன்னால் நான் வண்டியைத் திருப்பிவிடுவேன், கல்லூரி போய்விடும் என்றா வண்டியில் நல்லாதான் இருக்கிறது என்று சொன்னாள்? இல்லை, தெருவையே கூட்டிக் காட்டிய என் ஏசி கெட்டுவிட்டது என்று சொல்ல மனம் வராமலா? கேட்க நினைத்தேன். இரண்டில் எந்தப் பதில் வந்தாலும் தாங்க முடியாது என்று கேட்கவில்லை.

ஒரு நாள் யாரிடமும் சொல்லாமல் காரை எடுத்துக்கொண்டு வேலூரில் ஏசி கடைக்குப் போனேன். கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். அவர் மீட்டரை மாட்டி ஓடவிட்டுப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்தார்.

"இன்னா பண்ணீங்க இதுல?"

சொன்னேன். கம்ப்ரஸர் காற்று என்றதும் அவர் கையிலிருந்த டீயைக் கீழே வைத்தார்.

"டியூபுன்னு நெனச்சீங்களா? அந்த டாங்க்ல அடியில தண்ணி நிக்குமே, எப்ப வடிச்சீங்க?"

எப்போது வடித்தேன்? மலைப் பனியில் கம்ப்ரஸர் தொட்டியில் தண்ணீர் சேரும், வாரத்துக்கு ஒரு முறை வடிக்க வேண்டும். டயருக்குள் கொஞ்சம் ஈரம் போனால் ஒன்றும் ஆகாது என்று நான் மாதக்கணக்கில் விட்டுவிடுவேன்.

"அந்த ஈரம் உள்ள போயிடுச்சுங்க. ஒரு சொட்டு போதும். கேஸ் போற ஓட்ட ஊசி மொன அளவுதான். மொதல்ல நல்லா குளிரும், அந்தக் குளிர்லயே ஈரம் ஐஸ் கட்டி ஓட்டைய அடைச்சுக்கும். அப்புறம் வெறும் காத்துதான். அதுக்குத்தான் வாக்கம் போட்டு உறிஞ்சுறது."

நான் தலையை ஆட்டினேன்.

"அன்னிக்கி நீங்க ஒண்ணும் பண்ணியிருக்க வேணாம். சுவிட்ச அணைச்சுட்டுப் பத்து நிமிஷம் சும்மா விட்டிருந்தா ஐஸ் உருகியிருக்கும். மறுபடி போட்டா மறுபடி கால் மணி நேரம் குளுந்திருக்கும். நிறுத்தி நிறுத்தி வேலூரே வந்து சேந்திருக்கலாம்."

அவர் ஒரு யோசனையாகத்தான் சொன்னார். யார் உட்கார்ந்திருந்த வண்டி என்று அவருக்குத் தெரியாது. மத்தியானத்துக்குள் வேலையை முடித்துக் கொடுத்தார். ஒரு காலை நேரம், அவ்வளவுதான். மலை ஏறும்போது ஒரே ஒரு விஷயம்தான் தலைக்குள் ஓடியது. அவள் சூடாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நான் எப்படியும் ஏசியை அணைத்துவிட்டு முன்மூடியைத் திறந்து நோண்டியிருப்பேன். பத்து நிமிஷத்துக்குக் குறைந்து விட்டிருக்க மாட்டேன். அதற்குள் ஐஸ் உருகி, மறுபடி போட்டதும் அது தானாகக் குளிர்ந்திருக்கும். இதை அவளிடம் சொன்னால், நடந்ததெல்லாம் அவள் பேசாமல் இருந்ததால் என்று ஆகிவிடும். எனவே, வேலூர்க் கடையில் ஏசி சரியாகிவிட்டது என்று மட்டும் வீட்டில் சொன்னேன்.

ஆனியில் கல்லூரியிலிருந்து போன் வந்தது. சில இடங்கள் காலியாக இருக்கின்றன, நாளை மறுநாள் வந்தால் பார்க்கலாம் என்றார்களாம். போனை எடுத்தது மனைவி. சாயங்காலம் மகளின் சான்றிதழ் கவரை எடுத்துத் துடைத்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்.

"நாளைக்கு மொத பஸ்ல நானும் அவளும் போறோம். ராத்திரி உன் தங்கச்சி வூட்ல இருந்துக்கறோம்."

"ஒண்ணு ஆச்சுன்னா பேச்சே கூடாதுன்னியே?"

"தப்பு பண்ணது அவ இல்லியே."

"கார் நல்லாயிடுச்சு. கடையில குடுத்துதான் பண்ணேன்."

"அது வூட்டுலயே நிக்கட்டும்."

ஐந்து மணிப் பஸ்ஸில் அவர்கள் ஏறினார்கள். இரண்டு நனைத்த துண்டு, ஒரு பக்கெட் தண்ணீர் எல்லாம் கையில் இருந்தன. பக்கெட்டைப் பார்த்து நடத்துனர் முணுமுணுத்ததை மனைவி காதில் போட்டுக்கொள்ளவில்லை. பஸ் கிளம்பியதும் நான் கொஞ்ச நேரம் கடை வாசலில் நின்றேன். அப்புறம் காரை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். ஏதாவது ஆனால் பக்கத்தில் ஒரு வண்டி இருக்கட்டும் என்று நினைத்திருப்பேன். மலையை விட்டு இறங்கியதும் கண்ணாடியை ஏற்றி ஏசியைப் போட்டேன். காலி சீட்டுக்குக் குளிர் அடித்தது. ஒரு கையை அதில் வைத்தபடி ஓட்டினேன். அரை மணி நேரத்துக்கு மேலாகியும் குளிர் குறையவில்லை. நான் பிரித்து மாட்டிய எதுவும் இவ்வளவு ஒழுங்காக ஓடியதில்லை.

அமிர்திக்கு அப்பால் ஒரு டீக்கடையில் பஸ் நின்றது. பின்னால் நானும் நின்றேன். மனைவி ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தாள், பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மகள் ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி வந்தாள். அவள் பக்கத்துக் கதவைத் திறந்தாள், ஏறி உட்காரவில்லை. குனிந்து காற்று வாய்க்கு நேராகக் கையை நீட்டினாள். ரொம்ப நேரம் அப்படியே வைத்திருந்தாள்.

"இது நெசமாவே குளிருதுப்பா" என்றாள்.

"ம்."

"அன்னிக்கி, காத்து சூடாயிடுச்சுன்னு நான் சொல்லியிருந்தா, நீ சரி பண்ணியிருப்பியாப்பா?"

கையை எடுக்காமலேதான் கேட்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. இவ்வளவு நாளும் வீட்டுக்குள் சத்தமில்லாமல் நடந்தபோது அவள் இதைத்தான் சுமந்துகொண்டு நடந்திருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. மரத்துக் கிடந்த நெஞ்சில் வலி வந்தது. நன்றாகவே வலித்தது.

"இல்லம்மா" என்றேன். "அது கடைக்காரன் வேல. எனக்குத் தெரியாது. நீ சொல்லியிருந்தாலும் என்னால ஒண்ணும் ஆயிருக்காது."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அப்புறம் பெரிதாக ஒரு மூச்சு விட்டாள். பஸ் ஹாரன் அடித்தது. கதவைச் சாத்திவிட்டு ஓட ஆரம்பித்தாள்.

"ஓடாதம்மா!" என்று கத்தினேன். டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் ஓடுவதை நிறுத்தி, மெதுவாக நடந்துபோய்ப் பஸ்ஸில் ஏறிக்கொண்டாள்.